உம்மாவின் தொழில்

உம்மா மௌத்தாகி நான்காம் நாள் மரணத்தைப் பதிவதற்காகப் போயிருந்தேன். 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம். பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசை நின்ற காலம் என்பதால் சைக்கிளில்தான் போனேன். பதிவாளர் எனக்குத் தெரிந்தவர். அவருடைய இரண்டு பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். பெயர், வயது, பிறந்த இடம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர், "தொழில்?" என்று கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

எனக்கு வாய் திறக்கவில்லை.

"வீட்டில இருந்தவங்கதானே சேர்? ஒரு கோடு போட்டு விடுறன்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

அந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒருதடவை பதில் எழுதியிருக்கிறேன். அதனால்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

2007ஆம் ஆண்டு. உலக வங்கியின் கடனுதவியில் புத்தளத்தில் இடம்பெயர்ந்தோருக்கு வீடு கட்டிக்கொடுக்கும் திட்டம் ஆரம்பித்திருந்தது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்த என்னைத் தேடி முகாமில் இருந்தவர்கள் படிவங்களோடு வருவார்கள். படிவம் நிரப்புவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். ஒருநாள் இரவு இருபது, இருபத்தைந்து படிவங்களை எழுதி முடித்துவிட்டுக் கடைசியாக எங்களுடைய படிவத்தை எடுத்தேன். என் பெயருக்கு நேரே 'ஆசிரியர்' என்று எழுதினேன். உம்மாவின் பெயருக்கு நேரே தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். யோசித்து எழுதவில்லை. கை தானாக எழுதியது. அந்த நேரம் உம்மா வீட்டில் இல்லை. எந்த வீட்டுப் பிரசவத்துக்குப் போனாரோ, எந்தச் சண்டையைத் தீர்க்கப் போனாரோ, எனக்குத் தெரியாது. தொழில் இல்லாத ஒரு பெண் இரவு பத்து மணிக்கு எங்கே போயிருக்கிறார் என்று என் பேனைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நாங்கள் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபத்தையாயிரம் பேரளவில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. யாழ்ப்பாணத்தாருக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்டது இரண்டே மணித்தியாலம். எங்களுக்குச் சில நாள் தவணை கிடைத்தது. ஒரு குடும்பத்துக்கு ஐந்து பைகள், இரண்டாயிரம் ரூபாய் காசு, ஒரு பவுண் நகை. இவ்வளவுதான் கொண்டுபோகலாம். எனக்கு அப்போது பத்து வயது. தங்கச்சிக்கு எட்டு. மாரி மழைக்குள் கடற்கரையில் காத்துக் கிடந்து, படகேறி, கற்பிட்டியில் வந்து இறங்கினோம்.

இந்த வரலாறு இதை வாசிக்கும் அநேகருக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்திய கதை. கரையில் இறங்கியபோது கற்பிட்டிச் சனங்கள் சோற்றுப் பானைகளோடு நின்றார்கள். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தங்கள் வீட்டு விறாந்தைகளையும் திறந்துவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு கற்பிட்டி லாத்தா தன்னுடைய உடுப்புகளிலிருந்து இரண்டை எடுத்து ஈர உடையோடு நின்ற உம்மாவிடம் கொடுத்தார். "அண்டைக்கு அந்த லாத்தாட முகத்தைப் பார்த்துத்தான் நான் படிச்சன் மகன்" என்று உம்மா பிற்காலத்தில் பலதடவை சொல்லியிருக்கிறார். என்ன படித்தார் என்று நான் கேட்டதில்லை. அவருடைய நடப்பிலேயே அது தெரிந்தது.

சில மாதங்களில் ஆலங்குடாப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் கிடுகுக் குடிசை போட்டுக்கொண்டு குடியேறினோம். மன்னாரில் சொந்த வள்ளமும் வலையும் வைத்திருந்த வாப்பா, வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். உம்மாவும் போனார். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் சின்ன வெங்காயமும் மிளகாயும் நன்றாக விளையும். களை பிடுங்கவும் வெங்காயம் கிண்டவும் முகாம் பெண்கள் குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள். எங்களால் தங்களுடைய கூலி இறங்கிவிட்டது என்று உள்ளூர் ஏழைகள் மனம் நொந்தார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. வந்த நாளில் சோறு போட்ட அதே ஊரில், சில வருடங்களில் 'அகதி' என்ற சொல் ஏச்சாகவும் மாறியது.

முகாமில் முதல் பிரச்சினை தண்ணீர். அந்த மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஆனால் மேல் மண்ணுக்கு இடும் பசளையும் பக்கத்து மலசலகூடத்துக் கழிவும் அதே தண்ணீரில்தான் இறங்கும். முதல் வருடமே பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. குடிப்பதற்கு நம்பக்கூடிய குழாய்க்கிணறு ஒன்றே ஒன்றுதான். ஸுபஹுக்கு முன்பே குடங்கள் வரிசையாகிவிடும். குடத்தைத் தள்ளி வைத்ததற்காகப் பெண்கள் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். பழைய அப்பியாசக் கொப்பியொன்றில் குடிசை குடிசையாகப் போய்ப் பெயர் எழுதினார். பிள்ளைப்பேற்றுக்காரியும் கைக்குழந்தைக்காரியும் முதலில், வயதானவர்கள் அடுத்தது, மற்றவர்கள் முறைப்படி. ஆளுக்கு இரண்டு குடம். "இதுக்கு மிஞ்சி எடுக்கிறவ எனக்கிட்ட வந்து கணக்குச் சொல்லணும்" என்றார். சொன்னவர் சும்மா இருக்கவில்லை. தன்னுடைய குடத்தை எப்போதும் வரிசையின் கடைசியில் வைத்தார். அதனால் பாடசாலைக்கு நானும் தங்கச்சியும் முகம் கழுவாமல் போன நாட்கள் உண்டு. எனக்கு அது பெரிய வெட்கம். "எல்லார்ட பிள்ளைகளும் குளிச்சிட்டு வாறாங்க. எங்களுக்கு மட்டும் ஏன் கடைசி?" என்று ஒருநாள் கத்தினேன். "கணக்கு எழுதுறவள் முன்னுக்கு நின்டா அந்தக் கணக்கை ஆரும் நம்ப மாட்டாங்க வாப்பா" என்றார்.

தண்ணீரில் தொடங்கியது மற்றதிலும் பரவியது. நிவாரண அட்டை தொலைத்தவர்களைக் கூட்டிக்கொண்டு கிராம சேவகரிடம் போனார். புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்களோடு லொறியிலும் ட்ராக்டரிலும் ஏறினார். பெட்டைப் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பிறகு குர்ஆன் ஓதிக்கொடுத்தார். மய்யித்துக் குளிப்பாட்டத் தெரிந்த கிழவி ஒருவர் முகாமில் இருந்தார். அவர் மௌத்தாவதற்கு முன் உம்மா அவரிடம் எல்லாவற்றையும் பழகிக்கொண்டார். எத்தனை தரம் தண்ணீர் வார்ப்பது, கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலப்பது, பெண்ணுக்குரிய ஐந்து துண்டுக் கபனை எப்படி வெட்டுவது என்றெல்லாம் படித்துக்கொண்டார். பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் பெண் மய்யித்து என்றால் இரவு பகல் பாராமல் உம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். எங்களை 'அகதி' என்று ஏசிய வீடுகளிலிருந்தும் ஆள் வந்தது. ஏச்சை ஞாபகப்படுத்தி நான் தடுத்தபோது, "மய்யித்து ஏசல்லயே மகன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவையும் எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல தாயொருத்தியைப் பற்றிய நல்ல கட்டுரையாகிவிடும். ஆனால் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது.

1993இல் தம்பி பிறந்தான். உம்மா வெளியே போகும்போது அவனை இடுப்பில் சுமந்தவள் தங்கச்சி. சோறு ஆக்கியவளும், விறகு பொறுக்கியவளும், தோட்டத்திலிருந்து முதுகு வலியோடு வரும் வாப்பாவுக்குச் சுடுதண்ணீர் வைத்தவளும் அவள்தான். இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில்தான் பாடசாலை நடந்தது. பின்னேரத்தில்தான் உம்மாவுக்கு வெளி வேலையும் வந்தது. தங்கச்சி முதலில் வாரத்தில் ஒருநாள் நின்றாள். பிறகு இரண்டு நாள். 1996இல் ஒன்பதாம் தரத்தில் முழுதாக நின்றுவிட்டாள். அந்த வருடக் கடைசியில் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதினேன். நான் குப்பி விளக்கில் படித்த இரவுகளில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தவள் அவள். கணிதத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் நின்றதை உம்மா கேட்கவில்லை. வாப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஊருக்கு உழைக்கும் தாயின் வீட்டில் மூத்த பெண்பிள்ளை இன்னொரு தாயாகிவிடுவது எங்கள் எல்லோருக்கும் இயல்பாகப் பட்டது.

2001இல் வாப்பா மாரடைப்பில் காலமானார். நிவாரண அட்டையில் குடும்பத் தலைவர் பெயரை மாற்ற வேண்டும். இந்த முகாமையே கட்டி நடத்தியவர், தன் பெயரை விட்டுவிட்டு, "மகன்ட பேரைப் போடுங்க" என்றார். இருபத்தொரு வயதில் நான் குடும்பத் தலைவனானேன்.

அப்போது நான் தொண்டர் ஆசிரியனாகப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சம்பளமில்லை. ஏதாவது செலவுக்குக் கிடைத்தால் உண்டு. பிறகு நியமனம் வந்தபோது அந்தத் தொண்டர் காலம் எனக்குத் தகைமையாகக் கொள்ளப்பட்டது. ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். சம்பளம் வந்தது. நாளைக்கு ஓய்வூதியமும் வரும். என்னுடைய தொண்டுக்கு வரவு இடாப்பு இருந்தது, அதிபரின் கையொப்பம் இருந்தது. உம்மாவுடைய தொண்டுக்கு அந்த அப்பியாசக் கொப்பி மட்டும்தான். அதையும் ஒரு மாரியில் கறையான் தின்றுவிட்டது.

2010 மார்ச்சில் ஒருநாள் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. வாஷிங்டனில் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் உலகின் பத்துப் பெண்களுக்குத் துணிச்சலுக்கான விருது வழங்கியிருந்தது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் புத்தளத்தில் வேலைசெய்யும் ஜன்சிலா மஜீத். எங்களைப்போல இருபது வருடம் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர். சமூக நம்பிக்கை நிதியம் என்ற அமைப்பை நடத்தி, இடம்பெயர்ந்த முஸ்லிம்களோடும் தமிழர்களோடும் வேலை செய்தவர். ஹிலாரி கிளின்டனும் மிஷேல் ஒபாமாவும் இருந்த மேடை. மன்னாரிலிருந்து வந்த ஜுவைரியா மொஹிதீனும் அதே புத்தளத்தில் முஸ்லிம் பெண்களுக்கென்று ஓர் அபிவிருத்தி அமைப்பைக் கட்டியெழுப்பியவர். குடும்ப வன்முறைக்கும் விவாக வழக்குக்கும் முகம்கொடுத்த பெண்கள் போய் நிற்க அது ஓர் இடமானது. கிடுகுக் கொட்டில்களிலிருந்து எழும்பிய பெண்கள் இவர்கள்.

பத்திரிகையை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மனதில் ஒரு குறை இருந்ததால், "உங்களுக்கும் ஆராவது ஒரு கடதாசித் துண்டாவது தந்திருக்கலாம்" என்றேன்.

உம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். "அவங்க செய்ததை எழுதி வைச்சாங்க மகன். நாலு பொம்பிளைகளைச் சேர்த்து, பதிஞ்சி, தனக்குப் பிறகும் நடக்கிற மாதிரிச் செய்தாங்க. நான் தனிய ஓடினன். ஓடினவள் நின்டா வேலையும் நின்டு போகும்." கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தனிய ஓடல்ல. இவளையும் இழுத்துக்கொண்டு ஓடினன். எல்லார்ட பிள்ளைகளையும் கணக்கில எழுதினன். என்ட ஒரு பிள்ளையைக் கணக்கில விட்டுட்டன்."

அடுப்படியில் மீன் அரிந்துகொண்டிருந்த தங்கச்சி தலையை உயர்த்தவில்லை. ஆனால் கத்தியின் சத்தம் நின்றது.

அந்த வருடத்திலிருந்து உம்மாவின் நடப்பு மாறியது. மய்யித்து வீடுகளுக்குப் போகும்போது இளம் பெண்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனார். பழக்கினார். தண்ணீருக்கும் ஆஸ்பத்திரிக்கும் விதவைகளுடைய படிவங்களுக்கும் ஆள் ஆளாகப் பொறுப்புக் கொடுத்தார். பாடசாலைக்கு வராமல் நிற்கும் பெட்டைப் பிள்ளைகளின் பெயரை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். "பிள்ளையை விடுங்க. சோறை நான் ஆக்கித் தாறன்" என்று சொல்லி மெய்யாகவே அடுப்பை மூட்டிய கதைகளும் உண்டு.

2009இல் யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பலாம் என்ற நிலை வந்தது. சிலர் போனார்கள். சிலர் இங்கே ஒரு காலும் அங்கே ஒரு காலுமாக நின்றார்கள். 2011இல் வெளிவந்த பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை வடபுல முஸ்லிம்களின் வாக்குமூலங்களைத் திரட்டிப் பதிந்தது. அதற்கு முன் எங்கள் துயரம் எங்கள் வாய்களில் மட்டுமே இருந்தது. உம்மா ஒருதடவை எருக்கலம்பிட்டிக்குப் போய், காடு பற்றிக்கிடந்த வளவில் கொஞ்ச நேரம் நின்று, வாப்புமாவின் கப்றடியில் துஆச் செய்துவிட்டுத் திரும்பி வந்தார். "அங்க எனக்கு மண் இருக்கு. இங்க எனக்கு ஆக்கள் இருக்காங்க" என்றார். உலக வங்கித் திட்டத்தில் கட்டிய அந்தச் சின்ன வீட்டிலேயே கடைசிவரை இருந்தார்.

2020இல் கொரோனாவில் இறந்தவர்களை, முஸ்லிம்கள் என்றாலும் எரித்தேயாக வேண்டும் என்று அரசாங்கம் வர்த்தமானி மூலம் கட்டாயப்படுத்தியபோது உம்மா உடைந்துபோனார். முப்பது வருடமாக எத்தனையோ பேருக்குத் தண்ணீர் வார்த்த கை அது. குளிப்பாட்டாமல், கபனிடாமல் ஒரு மய்யித்துப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. வெட்டி மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். 2021 பெப்ரவரியில் அடக்க அனுமதி கிடைத்தது. அதன்பின் உம்மா அதிகம் வெளியே போகவில்லை.

அவர் மௌத்தான அன்று குளிப்பாட்ட வந்தவர்கள் அவர் பழக்கிய பெண்கள். உள்ளூர்ப் பெண்கள் இருவர், எங்கள் ஊர்ப் பெண்கள் மூவர். அவர்களுக்கு முன்னால் நின்று முதல் தண்ணீர் வார்த்தவள் தங்கச்சி.

பள்ளியில் ஜனாஸாத் தொழுகைக்குப்பின் சிலர் பேசினார்கள். நல்ல தாய், பொறுமைசாலி, தர்மசீலி என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனாலும் 'தாய்' என்ற சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோமோ என்று எனக்குத் தோன்றியது. முகாமில் தண்ணீர் நிர்வாகம், சுகாதாரம், மரணச் சடங்கு, பிணக்குத் தீர்த்தல் எல்லாவற்றையும் ஓர் ஆண் சம்பளத்துக்குச் செய்திருந்தால் அதற்கு ஒரு பதவிப் பெயர் இருந்திருக்கும். இந்த நாட்டில் யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்ற தேசியக் கணக்கெடுப்பே 2017இல்தான் முதன்முதல் நடந்தது. ஆனால் எங்கள் மார்க்கத்தில் அந்தக் கணக்கு பழையது. தாகத்தால் துடித்த பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடினார்கள் அன்னை ஹாஜர். ஒரு தாயின் அந்த ஓட்டம் ஏழு தடவை என்று எண்ணப்பட்டது. ஹஜ்ஜுக்குப் போகும் ஒவ்வோர் ஆணும் அதே எண்ணிக்கையில் ஓடித்தான் ஆக வேண்டும். எண்ணாமல் விட்டவர்கள் நாங்கள்தான்.

இதெல்லாம் அன்று பதிவாளரின் மேசைக்கு முன்னால் ஒழுங்காக என் மனதில் வரவில்லை. துண்டு துண்டாக வந்தது.

"சமூக சேவை என்று எழுதுங்க" என்றேன்.

"சம்பளம் எடுத்தவங்களா சேர்?"

"இல்லை."

அவர் பேனையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்.

பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தங்கச்சியிடம் கொடுத்தேன். 2007இல் நான் எழுதியதையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக வாசித்தாள். அந்த இடம் வந்ததும் விரலை வைத்து நிறுத்தினாள்.

"சரியா எழுதியிருக்கீங்க நானா. இதில பாதி என்னுது" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரிபார்ப்பவளைப்போலச் சொன்னாள். மறுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. உள்ளே அவளுடைய மூத்த மகள் கொப்பியை விரித்து வைத்துக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அவள் அப்போது ஒன்பதாம் தரம். அந்த வருடம் அவள் ஒருநாள்கூடப் பாடசாலைக்கு வராமல் நிற்கவில்லை. வரவு இடாப்பு என்னிடம்தான் இருந்தது.